உன் கை வெளியேதான் இருந்தது

மகனே,

உன் நிச்சயதார்த்தத்தன்று குளுவாங் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் உனக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். காஹாங்கிலிருந்து வந்திருந்த உன் வருங்கால மாமனார், உன் வலது கையில் தட்டு ஒருபக்கம் சரிவதைப் பார்த்துவிட்டு, கையில் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆள்காட்டி விரல் முழுதும், நடுவிரலில் பாதியும் இல்லாத கையைப் பெண்ணைக் கொடுக்கிறவர் கவனிக்கத்தான் செய்வார். நீ சிரித்தாய். "பதினேழு வயசுல குறும்பு மாமா. அப்பாகூட டைவிங் போனப்ப பொந்துக்குள்ள கைய விட்டுட்டேன், மீனு கடிச்சிருச்சு. என் தப்புதான்" என்றாய். அவர் உன் தோளைத் தட்டிக் கொடுத்தார். நீ சாம்பார் வாங்க நகர்ந்தாய். நான் என் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் அம்மா பின்னாலேயே வந்து, சர்க்கரை ஏறிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

இந்தக் கடிதத்தில் இருப்பதை உன்னிடம் நேரில் சொல்லிவிட்டேன். பிறகு எதற்கு எழுத்து, அதுவும் எல்லோரும் படிக்கும் இடத்தில் எதற்கு என்றால், பொய்யை நான் ஊரறியச் சொன்னவன். படகில் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்னேன், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையை மட்டும் உறையில் போட்டு ஒட்டி உன் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் அது நியாயமாகாது.

நான் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. கடலோரத்து மெர்சிங்கில் ஒரு டைவிங் கடையில் காற்று டேங்குகளை நிரப்பும் வேலைக்குப் போனேன். முதல் மூன்று மாதம் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் முதலாளி டேங்கை முதுகில் மாட்டி இறக்கிவிட்டார். நாலு மீட்டர் ஆழம்தான். மூச்சு விட்டேன், இழுத்தேன், சாகவில்லை. அன்றைக்கு மேலே வந்தவன் வேறு ஆள். பத்து வருடத்தில் நானே ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவனாக ஆனேன். எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் செய்யாத வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் என்னைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிறர் பாராட்டு ஒரு பழக்கமாகிவிட்டால், அதற்காக எதையும் செய்ய மனம் தயாராகிவிடும். இதை உனக்குப் புத்திமதியாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

நாங்கள் வழக்கமாகப் போகும் தீவின் தென்முனையில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், மேசை மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் இடுக்கில் ஒரு மோரே இருந்தது. பாம்பு மாதிரி நீண்ட உடம்பு, என் தொடையளவு தடிப்பு, எப்போதும் திறந்து மூடும் வாய். தமிழ்நாட்டு மீனவர்கள் இதை அஞ்சாலை என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன்பாட்டுக்கு விட்டால் அது யாரையும் தொடாது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். நான் விடவில்லை. ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய சாசேஜ் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போய் நீட்டினேன். முதலில் வரவில்லை. நாலாவது தடவை வந்தது. ஒரு மாதத்தில், நான் தூரத்தில் வரும்போதே பாதி உடம்பை வெளியே நீட்டிக் காத்திருக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. கூட வந்தவர்கள் தண்ணீருக்குள்ளேயே கை தட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள், மோரேக்குக் கையால் ஊட்டுவாரே, அந்த ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

மோரேக்குக் கண் பார்வை மட்டு. வாசனையை வைத்துத்தான் இரை தேடும். சாசேஜுக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. முதலாளி ஒரு தடவை கூப்பிட்டு, இந்த வேலையை நிறுத்து, மீனுக்குத் தீனி போடுவது சட்டப்படியும் தப்பு என்று சொன்னார். சரி என்றேன். அவர் பார்க்காதபோது தொடர்ந்தேன். உனக்கு அது நடப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, சாசேஜ் தீர்ந்த பிறகும் மோரே உள்ளே போகாமல் என் கையைத் தேடி வந்து கையுறையைக் கவ்வியது. தடித்த ரப்பர் உறை, அதனால் விரல் தப்பித்தது. கிழிந்த உறையைப் படகிலேயே சுருட்டிக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பாறைப் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

உனக்குப் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம் ரிசல்ட் வந்த சமயம் அது. டைவிங் பயிற்சியை முடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழைக்கூட நீ அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில்லை, டைவிங் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாய். என்னோடு இதே வேலைக்கு வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்று நாலு விருந்தாளிகளும் நாமும் இறங்கினோம். நான் சாசேஜ் எடுத்துவரவில்லை. எடுத்துவராததால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். என் மகனுக்கு என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. அந்தப் பாறைக்கு எல்லோரையும் அழைத்துப் போனது நான். உன்னை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டியதும் நான்.

நான் சொல்லிக் கொடுத்தபடியே நீ இருந்தாய். இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மணலைக் கிளப்பாமல், பாறையிலிருந்து ஒரு கை தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறாயா என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கேட்டேன். அப்படிக் கேட்டால் பதிலுக்கு அதே மாதிரி காட்டியே ஆக வேண்டும் என்பது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நீ கட்டியிருந்த கையைப் பிரித்து, எனக்கு நேராக விரல் வளையத்தைக் காட்டினாய். அந்த நொடியில் மோரே வெளியே பாய்ந்தது. என் கையில் தேடி வந்ததை உன் கையில் கண்டுபிடித்துவிட்டது. கவ்வி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, உள்ளே போய்விட்டது. எண்ணி மூன்று நொடி இருக்காது.

பன்னிரண்டு மீட்டரில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சையாகத் தெரியும். உன் கையிலிருந்து பச்சைப் புகை மாதிரி எழும்பியதை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். வாயில் கடித்திருந்த காற்றுக் குழாயை நீ துப்பவில்லை. மேலே பாயவில்லை. நான் உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன், நீ என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக என்னோடு ஏறி வந்தாய். பெரியவர்கள்கூட அந்த இடத்தில் தடுமாறிவிடுவார்கள். நீ தடுமாறவில்லை. அன்று தண்ணீருக்குள் நம் இரண்டு பேரில் ஒழுங்காக நடந்துகொண்டவன் நீதான்.

படகில் ஏற்றியதும் படகோட்டி பாக் மான் என்ன நடந்தது என்று கேட்டார். விருந்தாளிகள் நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவர்களில் ஒருவரும் நடந்ததைச் சரியாகப் பார்க்கவில்லை. பையன் பொந்துக்குள் கையை விட்டுவிட்டான் என்று மலாயில் சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. எனக்குள் எங்கோ அது ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது. பாக் மான் சாசேஜ் பாக்கெட்டை நான் பனிப்பெட்டியில் வைப்பதை எத்தனையோ தடவை பார்த்தவர். பனிப்பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து காப்பி குடிக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்க வைத்த பிறகு நீ என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "நான் உள்ள விடலப்பா. கை வெளியதான் இருந்துச்சு."

நான் உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். "தண்ணிக்குள்ள தூரம் சரியா தெரியாதுப்பா. மாஸ்க் ஏமாத்திரும். நீ வெளிய இருக்குன்னு நெனச்சிருப்ப."

தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்பாகச் சொன்ன பொய் அது. அந்த வாதமே தலைகீழானது. தண்ணீருக்குள் பொருள்கள் இருக்கும் இடத்தைவிடக் கிட்டத்தில் தெரியும். உனக்கு எட்டத்தில் தெரிந்திருந்தால் அது இன்னும் எட்டத்தில்தான் இருந்திருக்கும். இதை உனக்குப் பாடமாக நடத்தியவனே நான். வலியிலும் மருந்து மயக்கத்திலும் இருந்த உனக்கு அது தோன்றவில்லை. தோன்றாது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் உன் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தபடி உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். படித்துப் படித்துச் சொன்னாரே அப்பா, பொந்துக்குள் யாராவது கையை விடுவார்களா என்று அழுதுகொண்டே திட்டினாள். நீ கூரையைப் பார்த்தாய். பிறகு, "விட்டிருப்பேன் போலம்மா. சரியா ஞாபகம் இல்ல" என்றாய். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மகன் தன் கண்ணால் பார்த்ததையே விட்டுக்கொடுத்தான், எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை என் வாழ்க்கையில் நான் உணர்ந்ததில்லை. அதை அப்போது கேவலம் என்றுகூட உணரவில்லை.

அடுத்த மாதம், அந்த மீன் அங்கே இருப்பது ஆபத்து என்று பேச்சு வந்தது. அதை முடித்துவிடும்படி முதலாளி என்னிடம் சொன்னார். நான் ஈட்டியோடு தனியாக இறங்கினேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அது பாதி உடம்பை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. பழைய நம்பிக்கையில் என் கையை நோக்கி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அதன்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் பழக்கியதைத்தான் அது செய்தது.

நீ கடல் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகினாய். எல்லைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. தினமும் காலை ஐந்து மணிக்கெல்லாம் பாலம் கடக்கிறாய். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நீ வீட்டுக்கு வந்தபோது ஒரு கதை சொன்னாய், ஞாபகம் இருக்கும். அடுக்கி வைத்த சரக்கு ஒன்று சரிந்து விழுந்திருக்கிறது. யார் என்று மேலாளர் கேட்டதும், நான்தான் சரியாகக் கட்டாமல் விட்டிருப்பேன் சார் என்று நீ முதல் ஆளாகச் சொல்லியிருக்கிறாய். கேமராவைப் போட்டுப் பார்த்தால், நீ அன்று அந்தப் பக்கமே போகவில்லை. இதைச் சொல்லிவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன். உன் விரல்கள் போனதைவிடப் பெரிய ஒன்று உன்னிடமிருந்து போயிருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் எட்டு வருடம் பேசாமல் இருந்தேன். தள்ளிப் போடப் போட, சொல்வதற்கான வழி அடைபட்டுக்கொண்டே போகும். முதல் நாள் சொல்லியிருந்தால் என் வேலை போனதோடு முடிந்திருக்கும்.

நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் விசேஷத்துக்குக் கட்டிய புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மடித்த புடவையைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். "பன்னெண்டு வருஷம் அவன என் வாயால திட்ட வச்சீங்களே" என்றாள். பிறகு, நேரில் போய்ச் சொல்லுங்கள், போனிலோ எழுத்திலோ ஒளிந்துகொள்ளாதீர்கள் என்றாள். அவள் என்னோடு பேசி நாளாகிறது. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் உன் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். எழுந்து போய் என் குவளையையும் உன் குவளையையும் கழுவினாய். கழுவிய குவளையையே மறுபடி கழுவினாய். என் பக்கம் திரும்பாமல் கேட்டாய்: "நான் ஓகே காட்டினேன்ல. அப்ப என் கை எங்க இருந்துச்சு?"

நான் எழுந்து நின்று என் கையை நீட்டிக் காட்டினேன். "நெஞ்சுக்கு நேரா. பாறைல இருந்து ஒரு கை தூரம். நீ வெளியதான்பா வச்சிருந்த."

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்றாய். தண்ணீர்க் குழாயை அடைத்தாய். "எத்தன தடவ அத மனசுக்குள்ள நானே அழிச்சு அழிச்சு எழுதிருக்கேன் தெரியுமா?" என்றாய். நான் வாயைத் திறந்தேன். இப்போது கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டாய். குரலை உயர்த்தவில்லை. கதவுவரை வந்து, நான் செருப்புப் போடும்வரை நின்று, சாத்திக்கொண்டாய்.

உன் மாமனாரிடம் யார் சொல்வது என்று உன்னைக் கேட்காமலே நான் காஹாங் போனேன். அது என் வேலை. அவர் எண்ணெய்ப்பனை ஆலைக்கு லோரி ஓட்டிக் களைத்து வந்து உட்கார்ந்திருந்த சாயங்கால நேரம். உன் வருங்கால மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை, நான் சொன்ன பொய்யைத்தான் சொன்னார் என்றேன். என் வீட்டில் நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஆனால் இதை எனக்கு ஜீரணிக்க நாளாகும் என்றார் அவர். அந்தப் பெண்தான் பேசினாள். "சும்மா நடந்து போனாகூட சாரி, சாரின்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு அங்கிள். ஏன்னு இப்பதான் தெரியுது" என்றாள். அதில் கோபமில்லை. அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன் அப்பா மகனுக்கு நாலு வார்த்தை சொல்வது வழக்கம். சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. இருந்தும் சொல்கிறேன், பட்டவன் சொல்வதாக எடுத்துக்கொள். உனக்கு மனைவியாக வருகிறவளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன், நடந்தது என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். நீ செய்யாததை நீ சுமந்தால் அது வீட்டுக்கு அமைதி தராது, இன்னொருவரின் தப்புக்கு இடம்தான் கொடுக்கும். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, நான் செய்யவில்லை அப்பா என்று சொன்னால், அதன் கண்ணைப் பார்த்துக் கேள். நீயே தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்த உயிருக்கும் கையால் தீனி கொடுக்காதீர்கள். அடுத்து நீளும் கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

நான் வந்துபோன பதினோராம் நாள் நீ போன் செய்தாய். எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்புங்கள் என்றாய். கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நீயே சொன்னாய்.

"கல்யாணத்துக்கு வாங்க. அம்மாகூட மேடைல நில்லுங்க. ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

சரிப்பா என்றேன். போனை வைத்தேன். உனக்கு என்மேல் கோபம் வந்திருக்கிறது. அது யாரைச் சேர வேண்டுமோ அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அதைக் குறைத்துக்கொள் என்று நான் கேட்க மாட்டேன்.

அப்பா